புதன்கிழமை இரவின் விலை: பிரிந்த பெற்றோரின் ஒப்பந்தம் ஒன்று உடைந்து, திரும்ப எழுதப்பட்ட விதம்

வெள்ளிக்கிழமை மாலை. ஒன்பது வயதுப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் நான்கு வயதுத் தம்பி, ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு. அப்பா ஆறு மணிக்கு வர வேண்டும். உள்ளே அம்மாவின் செல்போனில் செய்திகள் மாறி மாறிப் போய்வருகின்றன.

"பணம் போடுங்க, அப்புறம் பிள்ளைங்களை அனுப்பறேன்."

"பிள்ளைங்களை அனுப்பு, அப்புறம் போடறேன்."

ஏழரை மணிக்குப் பாட்டி வந்து அவள் தோளிலிருந்து பையை இறக்கி வைத்தார். முதல் ஒப்பந்தம் அன்றைக்குத்தான் உடைந்தது. கையெழுத்தாகி ஏழே மாதம் ஆகியிருந்தது.

பிரிந்த பெற்றோருக்கு இடையே சமரசப் பேச்சு நடத்தித் தருவது என் வேலை. கீழே வருவது ஒரே குடும்பத்தின் கதைபோலத் தெரிந்தாலும், பல குடும்பங்களில் பார்த்தவற்றை ஒன்றாகக் கோத்து, யாரையும் அடையாளம் காட்டாதபடி எழுதியிருக்கிறேன். தொகைகளையும் எந்த நாட்டுப் பணத்திலும் சொல்லவில்லை. இருவரின் மாத வருமானத்தையும் கூட்டி 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் அப்பாவின் சம்பளம் 65 பங்கு, அம்மாவின் சம்பளம் 35 பங்கு. படிப்பவர் தன்னுடைய எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஒப்பந்தத்தில் என்ன இருந்தது

ஒரே தாள். இரு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து ஒரே மாலையில் எழுதியது. நான்கு வரிதான். பிள்ளைகள் அம்மாவிடம் இருப்பார்கள். அப்பா மாதம் 15 பங்கு தருவார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை பிள்ளைகள் அப்பா வீட்டில் இருப்பார்கள். மற்றவற்றை அவ்வப்போது பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த 15 எப்படி வந்தது என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். அப்பா 10 என்றாராம், அம்மா 20 என்றாராம், பெரியவர்கள் நடுவில் வெட்டினார்களாம். பிள்ளைகளுக்கு மாதம் என்ன செலவாகிறது என்று அந்த மாலையில் யாரும் கேட்கவில்லை. நிலம் வாங்கும்போது பேசுகிற பேரம் அது. அந்தப் பெரியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, சண்டை நின்றால் போதும் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் எதிலிருந்து வந்தது என்று தெரியாத தொகையை ஒருவர் பல வருடம் மனமொப்பிக் கொடுப்பது ரொம்பக் கஷ்டம்.

'அவ்வப்போது பேசித் தீர்த்துக்கொள்வது' என்ற நான்காவது வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பேசித் தீர்த்துக்கொள்ள முடிகிறவர்களுக்கு அந்தத் தாளே தேவைப்பட்டிருக்காது. முதல் மாதம் பணம் 3ஆம் தேதி வந்தது, அடுத்த மாதம் 11ஆம் தேதி. தேதி எழுதப்படாததால் அது தாமதமா இல்லையா என்பதே சண்டையானது. ஸ்கூல் ஃபீஸ் அந்த 15-க்குள் அடங்குமா, தனியா? பெண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தபோது யார் தருவது? பையனுக்குக் காய்ச்சல் என்று ஒரு வார இறுதி தவறியது. அது அடுத்த வாரம் ஈடு செய்யப்படுமா, போனது போனதுதானா? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தேடி இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்தவள் அந்த ஒன்பது வயதுப் பெண். "ஃபீஸ் கட்டியாச்சான்னு அப்பாகிட்ட கேளு." "அம்மாகிட்ட ரசீது வாங்கிட்டு வா."

ஆறாவது மாதத்தில் அப்பா ஒன்று கேட்டார். வார இறுதிகளோடு புதன்கிழமை இரவும் பிள்ளைகள் தன்னோடு இருக்கட்டும், வியாழன் காலை தானே பள்ளியில் விட்டுவிடுகிறேன் என்றார். கேட்கிற யாருக்கும் நியாயமாகத்தான் படும். ஆனால் அம்மாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள்: "இரவு கூடினால் பணம் குறையும். அதுக்குத்தான் கேட்கிறார்." அவர் மறுத்துவிட்டார். அப்பா அடுத்த மாதப் பணத்தை நிறுத்தினார். அப்புறம் வந்தது அந்த வெள்ளிக்கிழமை.

சொன்னவர் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை, இரவுக்கும் பணத்துக்கும் கணக்கு உண்டு. அதைப் பார்க்கும் முன் சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பணத்துக்குப் பிள்ளை ஈடு இல்லை

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் பராமரிப்புப் பணத்தையும் சந்திப்பு உரிமையையும் ஒரே கயிற்றின் இரு முனைகளாக நினைக்கிறார்கள். பணம் தராதவருக்குப் பிள்ளையைக் காட்ட வேண்டாம், பிள்ளையைக் காட்டாதவருக்குப் பணம் தர வேண்டாம் என்று. பெரும்பாலான நாடுகளின் குடும்பச் சட்டம் இதை ஏற்பதில்லை. இரண்டும் தனித்தனிக் கடமைகள். பணம் வரவில்லை என்றால் அதை வசூலிக்க வழி இருக்கிறது: சம்பளத்தில் பிடித்தம், நிலுவைக்கான மனு. பிள்ளையை அனுப்பவில்லை என்றால் அதற்கென்று தனி மனு. ஒன்றை நிறுத்தி மற்றொன்றைப் பெற முயன்றால், நியாயம் தன் பக்கம் இருந்தவர்கூட அன்றோடு தவறு செய்தவர் ஆகிவிடுகிறார்.

ஏனென்றால் இரண்டும் பிள்ளைக்கு உரியவை. 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, பெற்றோரிடமிருந்து பிரிந்து வாழும் குழந்தை இருவரோடும் நேரடித் தொடர்பில் இருப்பதைக் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. குழந்தைக்குக் கேடு என்றால் மட்டுமே விலக்கு. 27ஆம் பிரிவு பராமரிப்புத் தொகையை வசூலித்துத் தரும் பொறுப்பை அரசுகள் மேல் வைக்கிறது, கொடுக்க வேண்டியவர் வேறு நாட்டில் இருந்தாலும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். "எனக்கு உங்க பணமே வேண்டாம், பிள்ளைங்களை விட்டுடுங்க" என்று கோபத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த எழுத்து பொதுவாக நிற்காது. தன்னுடையது அல்லாததை ஒருவர் எப்படி விட்டுக்கொடுப்பது? பெற்றோர் ஒப்புக்கொண்ட தொகையே ஆனாலும், அது பிள்ளைக்குப் போதாது என்று பட்டால் நீதிமன்றம் மாற்றலாம். இவர்களுடைய முதல் தாள் நீதிமன்றத்துக்கே போகவில்லை. இரு தரப்பும் ஒத்து எழுதியதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாக வாங்கிவிட்டால், மீறும்போது புது வழக்கு தொடங்க வேண்டியதில்லை, அந்த உத்தரவையே நிறைவேற்றக் கேட்கலாம். வீட்டு அலமாரியில் இருக்கும் தாளுக்கு அந்த பலம் கிடையாது.

ஒரே குடும்பம், மூன்று தொகை

சரி, கணக்குக்கு வருவோம். பராமரிப்புத் தொகையை எப்படிப் போடுவது என்பதில் உலகம் முழுக்க ஒரே வழி இல்லை. நீதிபதி இரு தரப்பின் தேவையையும் வசதியையும் பார்த்து முடிவு செய்வது பழைய முறை, இன்றும் பல நாடுகளில் அதுதான். வாய்ப்பாடு வைத்துப் போடுவது பிறகு வந்தது. அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மாநிலங்களும் வழிகாட்டிக் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்றது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம், அந்தக் கணக்கிலிருந்து விலகும் நீதிபதி காரணத்தை எழுத வேண்டும் என்றது. ஒரே மாதிரிக் குடும்பங்களுக்கு ஒரே ஊரில் வேறு வேறு தொகை வருவதைக் குறைப்பதுதான் நோக்கம்.

நம் குடும்பத்தை மூன்று வாய்ப்பாட்டில் போட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் கொடுப்பவரின் வருமானத்தில் சதவீதம் பார்க்கிறது: ஒரு பிள்ளைக்கு 17, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 29. அப்பாவின் 65-ல் 25 சதவீதம் என்றால் 16.25 பங்கு. அம்மாவின் வருமானம் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

பிரிட்டனிலும் கொடுப்பவரின் வருமானம்தான் அடிப்படை. ஆனால் விகிதம் 12, 16, 19. இரண்டு பிள்ளைகளுக்கு 16 சதவீதம் என்றால் 10.4 பங்கு. (வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் மேலே உள்ள பகுதிக்கு விகிதம் குறையும், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.) இதில்தான் இரவுகள் நுழைகின்றன. வருடத்தில் 52 முதல் 103 இரவுகள் பிள்ளை கொடுப்பவரிடம் தங்கினால் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும். 104 முதல் 155 வரை என்றால் ஏழில் இரண்டு. 156 முதல் 174 வரை ஏழில் மூன்று. 175-ஐத் தொட்டால் ஏறக்குறைய பாதி.

இப்போது அந்தப் புதன்கிழமையைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு இரவு என்றால் வருடத்துக்கு 52. வாரம் ஒரு புதன் இரவு சேர்ந்தால் 104. அட்டவணையின் அடுத்த படியில் கால் சரியாகப் போய் விழுகிறது. தொகை 8.9 பங்கிலிருந்து 7.4 பங்காகும். அம்மாவின் பயத்தைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அப்பாவின் ஆசையைப் பொய் என்றும் சொல்ல முடியாது. அவரிடம் நான் தனியாகப் பேசியபோது, பையனுக்குத் தூங்கும் முன் கதை சொல்லி எத்தனை நாளாயிற்று என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பணக் கணக்கு அவர் வாயில் ஒருமுறைகூட வரவில்லை. இருவரும் உண்மை பேசினார்கள், படிக்கட்டு மாதிரி இருந்த கணக்கு இருவரையும் மோதவிட்டது. பிள்ளை அதிகம் தங்கும் வீட்டுக்கு அதிகச் செலவு என்ற நியாயம் இந்த முறைகளுக்குள் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை புதன் இரவு வேறு வீட்டில் தூங்கினால் முதல் வீட்டின் வாடகை குறையாது. ஸ்கூல் ஃபீஸும் குறையாது.

மூன்றாவது முறைக்கு வருமானப் பங்கீட்டு முறை என்று பெயர். 1980-களில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற பொருளாதார வல்லுநர் வகுத்தது, இன்று அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை பின்பற்றுவது. பெற்றோர் ஒரே வீட்டில் இருந்திருந்தால் இந்த வருமானத்தில் பிள்ளைக்கு எவ்வளவு செலவழித்திருப்பார்களோ, பிரிந்த பிறகும் அது பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இருவரின் வருமானத்தையும் கூட்டி, பிள்ளைச் செலவைக் கண்டு, வருமான விகிதத்தில் பிரிக்க வேண்டும். இவர்கள் வீட்டில் இரு பிள்ளைகளின் செலவு 30 பங்கு என்று பின்னால் தெரிய வந்தது. அதில் 65 சதவீதம் அப்பாவுடையது: 19.5. மீதி 10.5 அம்மாவுடையது. பிள்ளைகள் அவரோடு இருப்பதால் அவர் அதை யாருக்கும் அனுப்புவதில்லை, கடையிலும் அடுப்பிலும் அவராகவே செலவழிக்கிறார்.

ஒரு குடும்பத்துக்கு 19.5, 16.25, 8.9 என்று மூன்று தொகை. வருமானம் என்றால் பிடித்தத்துக்கு முன்னா பின்னா என்பதையெல்லாம் சேர்த்தால் இடைவெளி இன்னும் மாறும். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சட்டம் எந்த வாய்ப்பாட்டைச் சொல்கிறதோ அதுதான் அந்த இடத்தில் அடித்தளம். ஆனால் பெற்றோர் உட்கார்ந்து பேசும்போது மூன்றாவது முறையின் கேள்வியோடு தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். 'இவர் எவ்வளவு தர வேண்டும்' என்று அது தொடங்குவதில்லை, 'இவர்களுக்கு எவ்வளவு வேண்டும்' என்று தொடங்குகிறது.

நான்கு அமர்வுகள்

முதல் அமர்வுக்கு முன் இருவரையும் தனித்தனியாகச் சந்தித்தேன். இது சம்பிரதாயம் இல்லை. அடி, மிரட்டல், பணத்தையும் போனையும் ஒருவர் கட்டுக்குள் வைத்திருந்த கதை, இவற்றில் ஏதாவது தெரிந்தால் நான் சேர்த்து உட்கார வைக்கமாட்டேன். பயந்தவர் மேசையில் சொல்லும் 'சரி' சம்மதம் ஆகாது. அப்படிப்பட்ட இடங்களில் கூட்டுப் பெற்றோர் பொறுப்பு என்று பேசுவதே ஆபத்து. கண்காணிப்போடு கூடிய சந்திப்பு, நேரில் பார்க்காமல் பிள்ளையைக் கைமாற்றுவது, பேச்சு முழுக்க எழுத்தில், எல்லாம் நீதிமன்றத்தின் வழியே என்றுதான் போக வேண்டும். இவர்களிடம் கோபம் இருந்தது, ஏமாற்றம் நிறைய இருந்தது, பயம் இல்லை. அதனால் தொடங்கினோம்.

முதல் அமர்வில் பணம் யார் தருவது என்று பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளின் செலவுப் பட்டியல் மட்டும் எழுத வேண்டும். அப்பாவுக்குப் பள்ளிச் சீருடை வருடத்துக்கு எத்தனை ஜோடி வேண்டும் என்று தெரியவில்லை. பெண் தொலைபேசியில் பாட்டு கேட்கும் சந்தாவை அப்பா கட்டிவருவது அம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரத்தில் பட்டியல் மூன்று கூடையாகப் பிரிந்தது. அன்றாடச் செலவு 20 பங்கு: சாப்பாடு, துணி, வாடகையிலும் மின்சாரத்திலும் பிள்ளைகளின் பங்கு, போக்குவரத்து. முன்பே தெரிந்த பெரிய செலவு 8 பங்கு: ஸ்கூல் ஃபீஸ், மருத்துவக் காப்பீடு. எதிர்பாராதது, வருடம் முழுக்கப் பரப்பிப் பார்த்தால் மாதம் 2 பங்கு: கண்ணாடி, பல், திடீர் மருத்துவமனை.

இரண்டாவது அமர்வில் ஒவ்வொரு கூடைக்கும் ஒவ்வொரு வழி வைத்தோம். அன்றாடச் செலவில் அப்பாவின் பங்கு 13. சம்பளம் வந்த மறுநாள் வங்கியிலிருந்து தானாகவே போய்விடும். பெரிய செலவில் அவர் பங்கான 5.2-ஐ பள்ளிக்கும் காப்பீட்டுக்கும் நேரடியாகக் கட்டுவார், அம்மா தன் பங்கை அதேபோலக் கட்டுவார். எதிர்பாராத செலவில், ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர் செய்துவிட்டு 30 நாளுக்குள் ரசீது அனுப்ப, மற்றவர் 15 நாளுக்குள் தன் பங்கைத் தர வேண்டும். அளவுக்கு மேலே என்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் எந்த அனுமதியும் தேவையில்லை.

மாதத் தொகை 15-லிருந்து 13 ஆகிறது என்றதும் அம்மா எழுந்து நின்றுவிட்டார். கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 13-ம் 5.2-ம் எதிர்பாராததில் 1.3-ம் சேர்ந்து 19.5. அப்பாவும் கூட்டிப் பார்த்தார். முன்பு தந்ததைவிட 4.5 பங்கு அதிகம். ஏழு மாதம் 15-க்கே சண்டை போட்டவர் ஏன் ஒப்புக்கொண்டார்? பணம் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். முன்னாள் மனைவியின் கணக்குக்குப் பணம் அனுப்புகிறோம் என்ற நினைப்பு, பெண்ணின் பள்ளிக்குக் கட்டுகிறோம் என்று மாறியது.

மூன்றாவது அமர்வு நேரத்துக்கு. இரண்டு வாரத்துக்கு ஒரு வார இறுதி என்ற ஏற்பாடு ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தாங்கும். நான்கு வயதுப் பையனுக்கு? ஞாயிறு மாலை அப்பாவை விட்டு வந்தால் மறுபடி பார்ப்பது பன்னிரண்டு நாள் கழித்து. அந்த வயதில் பன்னிரண்டு நாள் என்பது முடிவே இல்லாத காலம். வந்த முதல் இரவு அழுவான், பழகும் நேரத்தில் கிளம்ப வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இடைவெளி குறைவாக, அடிக்கடி. வளர்ந்த பிள்ளைகளுக்கு மாற்றம் குறைவாக, நீண்ட தங்கல். அட்டவணைகள் எல்லாம் இந்த எண்ணத்தைச் சுற்றித்தான் பிறந்தன. இரண்டு நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே என்று சுழலும் முறை சிறியவர்களுக்கு. ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்பது பெரியவர்களுக்கு. பிள்ளைகள் ஒரே வீட்டில் இருக்க, பெற்றோர் முறை வைத்து வந்து தங்கும் ஏற்பாடும் உண்டு. அதற்கு மூன்று வீட்டு வாடகை தாங்க வேண்டும், பொறுமையும் நிறைய வேண்டும்.

புதன் இரவு சேர்ந்தால் பையனின் மிக நீண்ட இடைவெளி பன்னிரண்டு நாளிலிருந்து ஆறு நாளாகக் குறையும். இதை நாள்காட்டியில் குறித்துக் காட்டியபோது அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், போன வாரம் பெண் பாட்டியிடம் கேட்டாளாம்: "பாட்டி, நான் புதன்கிழமை அப்பா வீட்டுல தூங்கினா அம்மாவுக்குப் பணம் குறையுமா?"

அறையில் இருந்த மூவரும் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. யார் அவள் காதில் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. ஒன்பது வயதில் தன் தூக்கத்துக்கு விலை இருக்கிறது என்று ஒரு பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறாள். அப்பாதான் முதலில் பேசினார்: "புதன்கிழமைக்காக ஒரு காசும் குறைக்க வேண்டாம், எழுதிக்கோங்க." அந்த வாக்கியத்தைச் சட்ட மொழிக்கு மாற்றினோம். இரவுகளின் எண்ணிக்கை மாறினாலும் அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் தொகை மாறாது. வருமானம், பிள்ளைகளின் தேவை, முதன்மை வீடு இவற்றில் ஏதாவது மாறினால் மட்டுமே தொகை மறுபார்வைக்கு வரும். பணமும் நேரமும் தனித்தனித் தாளில் எழுதப்பட்டன. ஒரு தாளில் மீறல் நடந்தால் அதைக் காரணம் காட்டி மற்றொன்றை நிறுத்தக்கூடாது என்ற வரி இரண்டு தாளிலும் இருக்கிறது.

கைமாற்றும் இடத்தையும் மாற்றினோம். புதனும் வெள்ளியும் அப்பா பள்ளியிலிருந்தே அழைத்துக்கொள்வார், இனி வாசல்படியில் பையோடு காத்திருக்க வேண்டியதில்லை. ஞாயிறு மாலை மட்டும் வீட்டுக்கு வருவார், பாட்டி கதவைத் திறப்பார். தவறிய வார இறுதிக்கு 30 நாளுக்குள் ஈடு. பிள்ளைகள் பற்றிய செய்திகள் மட்டும், எழுத்தில், பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பாமல். பெண் இனித் தூது போகமாட்டாள் என்ற வரியைக் கேட்டது அம்மா.

நான்காவது அமர்வு சீக்கிரம் முடிந்தது. அன்றாட முடிவு அந்தந்த வீட்டுக்காரருடையது. பள்ளி மாற்றம், அறுவை சிகிச்சை, வெளிநாட்டுப் பயணம் இவை இருவரும் சேர்ந்து. ஒத்துவராவிட்டால் முதலில் சமரசப் பேச்சு, பிறகு நீதிமன்றம். பாஸ்போர்ட் அம்மாவிடம், பயணத்துக்கு எழுத்து மூலச் சம்மதம். இதில் அப்பா சலித்துக்கொண்டார். பிள்ளையை ஒரு பெற்றோர் வேறு நாட்டுக்குக் கடத்திக்கொண்டு போவதைத் தடுக்கவென்றே 1980-ல் ஹேக் நகரில் தனி உடன்படிக்கை போட வேண்டி வந்தது என்றும், அதில் சேராத நாடுகளுக்குப் போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம் என்றும் சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

இரண்டு தாளையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாக வாங்கினார்கள்.

நான்கு அமர்வும் சேர்ந்து பத்து மணி நேரம்கூட இராது. இவ்வளவு சின்னப் பேச்சுக்குப் பலன் நிற்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு நான் சொல்வது வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ராபர்ட் எமரியின் ஆய்வை. பிள்ளைப் பொறுப்புக்காக வழக்குக்கு வந்த குடும்பங்களைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, சிலருக்கு வழக்காடலும் சிலருக்குச் சில மணி நேரச் சமரசப் பேச்சும் கொடுத்தார். 12 வருடம் கழித்துப் பார்த்தபோது, பிள்ளையோடு வாழாத பெற்றோரில் வாரம் ஒருமுறையாவது பிள்ளையைப் பார்த்தவர்கள் வழக்காடியவர்களில் 9 சதவீதம், சமரசப் பேச்சுக்கு வந்தவர்களில் 28 சதவீதம். சிறிய ஆய்வுதான். இருந்தாலும் 12 வருடம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பதினைந்தாவது மாதம்

அப்பாவின் வேலை போனது. சில வாரத்தில் வேறு வேலை கிடைத்தது, ஆனால் வருமானம் 65-லிருந்து 40 பங்குக்கு இறங்கிவிட்டது. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் செத்துப்போவது இந்த இடத்தில்தான். வெட்கத்தில் சொல்லாமல் இருப்பார்கள், பாதி அனுப்புவார்கள், பிறகு நிறுத்துவார்கள், நிலுவை மலையாகும். நிலுவை ஏறிய பிறகு அதைக் குறைப்பது பல இடங்களில் மிகக் கடினம்; அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டத்திருத்தம், தவணை நாள் கடந்துவிட்ட தொகையைப் பின்னோக்கிக் குறைக்க நீதிபதிக்கே தடை போட்டது. மனு கொடுத்த நாளுக்குப் பின் வருவதைத்தான் மாற்ற முடியும். அதனால் வருமானம் விழுந்தவர் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது எழுத்தில் சொல்வதும், மாற்றக் கேட்டு மனு போடுவதும். 'சரி, முடிந்ததை அனுப்புங்க' என்று மற்றவர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி இருந்துவிட்டு, பின்னால் முழு நிலுவைக்கும் நோட்டீஸ் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவர்களுடைய இரண்டாவது ஒப்பந்தத்தில் ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தோம். அப்பா ஒன்பதாவது நாள் சொன்னார். மொத்தம் இப்போது 75 பங்கு, அதில் அவருடையது 53 சதவீதம். அன்றாடத் தொகை 13-லிருந்து 10.7 ஆகத் தற்காலிகமாகக் குறைக்கப்பட்டது. ஆறு மாதத்துக்கு மட்டும், எழுத்தில், நீதிமன்றத்துக்கும் தெரிவித்து. அந்த ஆறு மாதம் அம்மாவுக்கு எளிதாக இல்லை. டியூஷனை நிறுத்தினார், மாலையில் தானே சொல்லிக்கொடுத்தார். அவர் அதற்காகப் பட்ட சிரமத்துக்கு எந்த வாய்ப்பாட்டிலும் இடமில்லை. ஆனால் ஒரு புதன்கிழமையும் தவறவில்லை.

ஆண்டு மறுபார்வை என்ற வரியையும் சொல்ல வேண்டும், முதல் தாளில் அது இல்லவே இல்லை. பிள்ளைகள் வளர வளரச் செலவும் வளரும். ஜெர்மனியில் நீதிமன்றங்கள் 1962 முதல் வழிகாட்டியாக வைத்திருக்கும் டுஸ்ஸல்டார்ஃப் அட்டவணை, பிள்ளையின் வயதைப் படிகளாகப் பிரித்து, ஆறு வயதிலும் பன்னிரண்டிலும் தொகையை ஏற்றுகிறது. அப்படி அட்டவணை இல்லாத இடத்தில் பெற்றோர்தான் தேதி குறித்துக்கொள்ள வேண்டும். இவர்கள் குறித்தது பள்ளி ஆண்டு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு. சம்பளச் சான்றுகளை அன்று மாற்றிக்கொள்வார்கள்.

இரண்டாவது மறுபார்வைக்கு வந்தபோது அப்பாவின் வருமானம் 55-க்கு ஏறியிருந்தது, கணக்கைத் திரும்பப் போட இருபது நிமிடம் ஆயிற்று. அதன்பின் அம்மா ஒரு தாளை எடுத்தார். பெண்ணின் கையெழுத்து. அவளுக்கு இப்போது பதினொன்று நடக்கிறது. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது. அதைப் படிக்காமலேயே அவள் பயன்படுத்தியிருந்தாள். புதன்கிழமை மாலை பள்ளியில் ஓவிய வகுப்பு தொடங்குகிறது, முடிய நேரமாகும், அதனால் அப்பா வீட்டுக்குப் போகும் நாளை வியாழனாக மாற்ற முடியுமா என்று கேட்டிருந்தாள். தம்பியையும் கேட்டுவிட்டாளாம், அவனுக்குச் சம்மதமாம்.

புதன் என்பதை அடித்து வியாழன் என்று எழுதி, ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் வைத்தார்கள். வண்ணப் பெட்டி எந்த வீட்டில் இருப்பது என்ற பேச்சுதான் இன்னும் பத்து நிமிடம் நீண்டது.